மலரக்கா வீட்டுக்காரர் கிளாங் போன கதை

கோலாலம்பூர் விமான நிலையத்தில் பெட்டிகளுக்காகக் காத்து நின்றபோது, பச்சை நிற பஞ்சாபி உடை அணிந்த ஒரு பெண் ஓடிவந்து என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். யாரோ சொந்தக்காரப் பெண், எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து நானும் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“மலரக்கா! நெசமா நீங்கதானா? நான் டெய்லி உங்க வீடியோ பாப்பேன் லா!” என்றாள் அவள், இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் முடிவில் ஒட்டுகிற ‘லா’வோடு. பிறகு என் பக்கம் திரும்பி, தன் போனை நீட்டினாள். “அங்கிள், கொஞ்சம் போட்டோ எடுக்கிறீங்களா?”

மலர் அவளுக்கு அக்கா. நான் அங்கிள். எனக்கும் மலருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம்.

அந்தப் பயணம் முழுக்க நான் எப்படி இருக்கப்போகிறேன் என்பது அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. நான் படத்துக்கு வெளியே நிற்பவன்.

விஷயம் இதுதான். என் மனைவி மலர்விழி, திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிச் சின்னச் சின்ன வீடியோக்கள் போடுகிறாள். பேருந்தில் ஸ்பீக்கரில் சினிமா பார்ப்பவர்கள், விருந்துக்கு வந்து போனையே நோண்டிக்கொண்டிருப்பவர்கள், அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்காமல் திறப்பவர்கள், கல்யாணப் பந்தியில் நாம் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பவர்கள். இவர்களையெல்லாம் அவள் திட்டுவதில்லை. அவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள், அவ்வளவுதான். எங்கள் தெருவில் அதை யாரும் சட்டை செய்ததில்லை. நானும்தான்.

நான் எழுதுகிறவன். காப்பீட்டு அலுவலக வேலை போக மீதி நேரமெல்லாம் நாட்டு நடப்பு பற்றி வலைப்பூவில் நீளநீளமாகக் கட்டுரைகள் எழுதுவேன். பதினைந்து வருடமாக எழுதுகிறேன். தவறாமல் படிக்கிறவர் ஒருவர் உண்டு. அவர் ஒற்றுப்பிழை மட்டும் சுட்டிக்காட்டுவார்.

கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான கிளாங்கில் ஒரு மகளிர் குழு மலரைப் பேச அழைத்திருந்தது. தனியாக அனுப்ப மனமில்லாமல் விடுப்புப் போட்டுவிட்டு நானும் கூட வந்தேன். மனமில்லாமல் என்று எழுதியிருக்கிறேன். அக்கறை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிக்கொண்ட கார்க்காரர் செலாயாங்கில் குடியிருக்கும் தமிழர். தாத்தா காலத்தில் ரயில் பாதை போட வந்த குடும்பமாம். நாங்கள் தமிழ்நாடு என்றதும், “அண்ணே, அங்க கூட்டணி என்னாச்சு?” என்று ஆரம்பித்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒருவழியாக என்னுடைய பாடத்துக்கு வந்துவிட்டோம். எந்தக் கட்சி எதோடு சேரும், ஏன் சேரும் என்று விரிவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அது காலைலயே மாறிடுச்சு அண்ணே. நீங்க ஃப்ளைட்ல இருந்திருப்பீங்க” என்றார்.

மலர் பின்னாலிருந்து ஏதோ ஆறுதலாகச் சொன்னாள். அவர் சட்டென்று கண்ணாடியில் பார்த்தார். “அக்கா, உங்க குரல எங்கயோ கேட்டிருக்கனே. என் பொண்டாட்டி ஹேண்ட்போன்ல...” அதற்குப் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை கூட்டணியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தங்குமிடத்துக்குக் கீழேயே ஒரு சாப்பாட்டுக் கடை. மறுநாள் காலை உள்ளே நுழைந்ததும் கடைக்கார அம்மா, “வாங்க, பசியாறியாச்சா?” என்று கேட்டார். காலை உணவுக்கு இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் ‘டிபன் ஆச்சா’ என்று கேட்கிறோம். கடல் தாண்டி வந்து இத்தனை தலைமுறை ஆன பிறகும் இப்படி ஒரு சொல்லை இவர்கள் புழக்கத்தில் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று தோன்றியது. முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது.

தோசையும் சாம்பாரும் வந்தன. இடுப்பு உயரத்திலிருந்து இழுத்து ஆற்றிய தேநீர் வந்தது. இந்தக் கடைகளில் முதலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எழுந்து போகும்போது என்ன சாப்பிட்டோம் என்று நாமே சொல்கிறோம். அவர்கள் நம்புகிறார்கள். நம் ஊரில் டோக்கன் இல்லாமல் ஒரு காபிகூடக் கிடையாது. சரி, இதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் திரும்பினால், மலர் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, “இங்க ஒருத்தங்க என்னைப் பாத்து பசியாறியாச்சான்னு கேட்டாங்க பாருங்க...” என்று பேசிக்கொண்டிருந்தாள். என் தேநீர் ஆறுவதற்குள் அவள் பேசி முடித்து, வெளியிட்டும் விட்டாள். கடைக்கார அம்மா அதைத் தன் போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டே எங்களுக்கு இன்னொரு வடை வைத்தார்.

கட்டுரை செத்துப்போயிற்று. வடையை நான் தொடவில்லை.

அன்று பகல் முழுக்க ஊரைச் சுற்றினோம். பார்த்ததிலெல்லாம் எனக்குப் பொறாமை வந்தது. நகரும் படிக்கட்டில் எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று அவசரக்காரர்களுக்கு வழி விடுகிறார்கள். பேருந்திலிருந்து இறங்கும்போது பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொல்கிறார்கள். மின்தூக்கியில் மூக்குக்குமேல் யாரும் ஏறி நிற்பதில்லை. அதேசமயம் காரை இரண்டாவது வரிசையில் நிறுத்திவிட்டுப் பூக்கடைக்குள் போய்விடுகிறார்கள் என்பதையும் கவனித்தேன். கவனித்தபோது நிம்மதியாக இருந்தது.

மாலையில் ஒரு தமிழ்ப்படத்துக்குப் போனோம். திரையில் மலாயிலும் சீனத்திலும் வரிகள் ஓடின. எங்கள் முன் வரிசையில் ஒரு மலாய் ஜோடி. நகைச்சுவைக் காட்சி வந்தபோது அவர்கள் இருவரும் எங்களுக்கு முன்பே சிரித்துவிட்டார்கள். வசனம் நடிகரின் வாயிலிருந்து வருவதற்குள் அவர்கள் படித்து முடித்துவிடுகிறார்கள்! என் மொழியின் நகைச்சுவை எனக்குக் கிடைப்பதற்கு முன் இன்னொருவருக்குக் கிடைக்கிறது. மலரிடம் இதைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்லாருக்குங்க, இதை நான் எடுத்துக்கட்டுமா?” என்றாள்.

“நானே எழுதப்போறேன்” என்றேன், கொஞ்சம் வேகமாக.

அவள் சரி என்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் கிளாங் போக வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷன் நடைமேடையில் கூட்டம். ரயில் வந்து நின்றதும் மலர் முன்னால் ஏறினாள், நான் பின்னால் ஏறினேன். தலையில் முக்காடு அணிந்த ஒரு மலாய் அம்மா புன்னகையோடு என்னை நிறுத்தி, கதவின் மேலிருந்த இளஞ்சிவப்புப் பலகையைக் காட்டினார். “ஐயா, மன்னிக்கணும், இது பெண்கள் பெட்டி” என்று ஆங்கிலத்தில் சொன்னார். தப்பு செய்தவன் நான், மன்னிப்புக் கேட்டது அவர். நம் ஊரில் ஒரு ஆண் தெரியாமல் மகளிர் பெட்டியில் ஏறியிருந்தால் அவனுடைய தாய் தகப்பன்வரை விசாரித்திருப்பார்கள்.

இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. ரயில் நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மலர் எதையோ சொல்லிக்கொண்டே போனாள். ஊரெல்லாம் கேட்கிற குரல் எனக்கு மட்டும் கேட்கவில்லை.

என் போனில் இந்த ஊர் சிம் கிடையாது. மலரின் போனிலிருந்து வருகிற இணையம்தான் எனக்கும். அவள் போனால் அதுவும் போய்விடும். போய்விட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. ‘தேடட்டும்’ என்ற ஒரு திருப்தி வந்தது. அவ்வளவு பேருக்கும் அக்காவாக இருக்கிறவள் கொஞ்ச நேரம் எனக்காகத் தவிக்கட்டும். பிறகுதான், எங்கே இறங்க வேண்டும் என்பதைத் தவிர யாரைப் பார்க்க வேண்டும், எந்த மண்டபம் என்பது எதுவும் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அவள் சொல்லியிருப்பாள். நான் கேட்டிருக்க மாட்டேன்.

பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு ஒல்லியான ஆள் என்னையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வந்தார்.

“அண்ணே, மலரக்கா வீட்டுக்காரர் நீங்கதானே?”

ஆமாம் என்றேன். அவர் போனை என் பக்கம் திருப்பினார். மலர் ஓடும் ரயிலிலிருந்து நேரலையில் பேசிக்கொண்டிருந்தாள். முகம் வியர்த்திருந்தது. “என் வீட்டுக்காரர் சென்ட்ரல் ஸ்டேஷன்ல நிக்கிறாருங்க. நீலச் சட்டை. முன்பக்கம் முடி கொஞ்சம் கம்மி. முகத்தை உர்ருன்னு வச்சிருப்பாரு, ஆனா நல்லவர். பக்கத்துல யாராவது இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு அடுத்த வண்டில ஏத்திவிடுங்க. கிளாங்ல இறங்கச் சொல்லுங்க.”

கீழே வரிகள் கடகடவென ஓடின. பாவம் அங்கிள் என்று ஒருவர். கெசியான் என்று பலர். அதுவும் பாவம்தானாம், மலாயில். சிவப்பு இதயங்கள் பறந்தன. பதினைந்து வருடம் எழுதிச் சேர்த்த வாசகர்களைவிட, நான் தொலைந்துபோனதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிகம்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“நீலச் சட்டை நாலு பேர் போட்டிருந்தாங்கண்ணே” என்றார். மேற்கொண்டு சொல்லத் தயங்கினார். எனக்குப் புரிந்தது.

அவர் பெயர் முருகேசன். புதுக்கோட்டைப் பக்கம். வேலை அனுமதியில் வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு உணவகத்தில் வேலை செய்கிறார். அன்று அவருக்கு விடுமுறை. “அக்கா வீடியோவ பாக்க நேரம் ஏதுண்ணே, பாத்திரம் தேய்க்கிறப்ப காதுல போட்டுக்குவேன். வீட்டுல யாரோ பேசிட்டிருக்கிற மாதிரி இருக்கும்” என்றார். தன் போனிலிருந்தே, ஆள் கிடைத்துவிட்டார் என்று மலருக்கு எழுதிப் போட்டார். அடுத்த ரயில் வரும்வரை கூடவே இருந்து, சரியான பெட்டியைக் காட்டி ஏற்றிவிட்டார். ஏறும்போது நானும் வலைப்பூ எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. “நல்லதுண்ணே” என்றார்.

கிளாங் நிலையத்தில் மலரும், நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த சுகுணா என்கிற தமிழ்ப்பள்ளி ஆசிரியையும் காத்திருந்தார்கள். மலர் ஓடி வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சுகுணாதான் பேசினார். “சார், நீங்க இப்ப எங்க ஊருல ஃபேமஸ் லா! என் ஸ்டூடன்ஸ் எல்லாம் கேட்டுட்டாங்க, அங்கிள் கெடச்சாச்சான்னு.”

நான் உர்ரென்று இல்லாமல் இருக்கப் பார்த்தேன்.

வாழை இலையில் சாப்பாடு. மீன் குழம்பு, பாகற்காய் வறுவல், கேட்காமலே இரண்டாம் முறை சோறு. கடையில் இருந்தவர்கள் வந்து வந்து மலரிடம் பேசினார்கள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், குழம்பு பிரமாதம். அதையும் நான் சொல்லவில்லை.

மண்டபம் நிறையப் பெண்கள். மலர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் ஏறிப் பேசினாள். பெண்கள் பெட்டியில் ஏறிய கணவரைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். மண்டபம் குலுங்கியது. கடைசி வரிசையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தார். பெயர் தவமணி, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்றார். நான், நாகரிகம் பற்றியோ சமூகம் பற்றியோ கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

“அக்கா, பாட்டு கத்துக்கணும்னு சொன்னீங்களே, சேந்துட்டீங்களா?”

மலர் வெட்கப்பட்டாள். “இன்னும் இல்ல தவமணி. டீச்சர் வீடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்.”

“ஏன்கா? போங்க லா!”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாட்டா?

இன்னொருவர் எழுந்தார். “உங்க தங்கச்சி இப்ப பேசுறாங்களா?”

“தீபாவளிக்குப் பேசினா. அழுதுட்டா.”

மைத்துனி எங்களோடு பேசாமல் இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடுத்தது ஒரு சின்னப் பெண். “ஆன்டி, கிச்சன் ஜன்னலுக்கு ஒரு ஒத்தக்கால் காக்கா வருமே, இன்னும் வருதா?”

“வருது. நான் இல்லாத நாளு யாரு சோறு வைப்பாங்கன்னுதான் கவலையா இருக்கு. பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்.”

மண்டபமே அந்தக் காக்கைக்காகக் கவலைப்பட்டது. என் வீட்டு ஜன்னல். என் வீட்டுக் காக்கை. அதற்கு ஒரு கால்தான் என்பது கிளாங்கில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதுவரை எனக்கிருந்தது மலரின் மேல் பொறாமை. அது சுகமான பொறாமை என்றுகூடச் சொல்வேன். அதைத் திட்டிக்கொண்டு காலம் தள்ளலாம். அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது வேறு. எனக்குத் தவமணியின் மேல் பொறாமை வந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் மேல் வந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே என் மனைவியின் பேச்சைக் கேட்கிற முருகேசன் மேல் வந்தது. இதற்கு மருந்து இருப்பதாகத் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் சுகுணா, “மலர், நாளைக்கு பூச்சோங்ல எங்க ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடுறாங்க, போவோமா?” என்றார்.

மலர் என்னைப் பார்க்கவில்லை. “நாளைக்கு வேணாம் டீச்சர். நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் கடல் பாக்கப் போறோம்” என்றாள். அப்படி ஒரு திட்டம் இருப்பது எனக்கும் அப்போதுதான் தெரியும்.

திரும்பும் ரயிலில் பொதுப் பெட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அது என்ன பாட்டு க்ளாஸ்?” என்று கேட்டேன்.

“வீடியோவுல சொன்னேனே.”

“நான் பாக்கலையே.”

“தெரியும்” என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கிளாங் துறைமுகத்திலிருந்து படகில் புலாவ் கெத்தாம் என்கிற தீவுக்குப் போனோம். சீன மீனவர்களின் ஊர். வீடு, கடை, கோயில் எல்லாமே சேற்றில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கின்றன. கார் கிடையாது. மின்சார சைக்கிள்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து, மெல்ல மணியடித்துவிட்டுப் போகின்றன. முக்கியமாக, அங்கே யாருக்கும் மலரைத் தெரியவில்லை. எனக்குக் காற்றே இனித்தது. அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு அடி கூடுதலாக நடக்கத் தெம்பு வந்தது.

மலர் போனைக் கைப்பையில் போட்டு மூடிவிட்டாள். ஆனால் பேச்சு நிற்கவில்லை. எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்க, வாசலில் செருப்பு மட்டும் ஒழுங்காக அடுக்கியிருப்பதைக் காட்டினாள். பாதையில் காயவைத்த இறாலை மிதிக்காமல் சைக்கிள்காரர்கள் வளைந்து போவதைக் காட்டினாள். சாப்பாட்டுக் கடையில் ஒரு சீனக் கிழவருக்கும் அவளுக்கும் ஒரு வார்த்தைகூடப் பொதுவில்லை. இருந்தும் அவர் நண்டை எப்படி உடைப்பது என்று அவளுக்கும், அவள் கையால் எப்படிப் பிசைந்து சாப்பிடுவது என்று அவருக்கும் காட்டிக்கொண்டார்கள். பிறகு நடந்துகொண்டே அந்தக் கிழவரைப் போலவே அவள் செய்து காட்டினாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நடு வழியில் நின்று சிரித்தேன். இவளை ஏன் அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

திரும்பும் படகில் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். காற்றில் அவளுடைய முடி என் முகத்தில் அடித்தது. அலையாத்திக் காடு இரண்டு பக்கமும் பின்னால் போயிற்று.

“மலர், எனக்குப் பொறாமையா இருக்கு” என்றேன்.

“யார் மேல?”

“முதல்ல உன் மேல. நேத்துலேருந்து எல்லார் மேலயும்.”

அவள் ஆச்சரியப்படவில்லை. “ரெண்டு வருஷமாத் தெரியும்” என்றாள். “நான் உங்க மேல பட்ட பொறாமைக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லங்க.”

“என் மேலயா?”

“ஞாயித்துக்கிழமை உங்க சிநேகிதங்க வருவாங்க. கூடத்துல உக்காந்து உலகத்தையே பேசுவீங்க. நான் காபி எடுத்துட்டு வருவேன். அவங்கள்ல ஒருத்தர் சொல்றது தப்புன்னு எனக்குத் தெரியும். பதிலும் நாக்கு நுனில நிக்கும். தட்டைப் பிடிச்சிட்டு நின்னுட்டுப் போயிடுவேன். நீங்க கட்டுரை எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டுவீங்க. எப்படி இருக்குன்னு கேப்பீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த பத்தியை ஆரம்பிச்சுடுவீங்க. இப்படிப் பேசறதுக்கு ஒரு ஆள் இருக்கிறது எவ்ளோ சொகம்னு உங்களைப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சிருக்கேன். செவுத்துக்கிட்டப் பேசினா பைத்தியம்னு சொல்வாங்கன்னுதான் போன்கிட்டப் பேச ஆரம்பிச்சேன்.”

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நான் அப்படி இல்லை என்று சொல்லலாம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கலாம். வாயைத் திறந்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை என்பது தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றாள், தங்கை எதற்காகக் கோபித்துக்கொண்டாள், என் எந்தக் கட்டுரை நிஜமாகவே நன்றாக இருந்தது, எது குப்பை. குப்பை என்று அவள் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. அதையும் கேட்டுக்கொண்டேன்.

படகு துறைமுகத்தில் இடித்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். படகுப் பணியாள் எங்களையும் இறங்கச் சொல்லிக் கையசைத்தான்.

“இன்னும் முடியல” என்றாள் மலர்.

“சொல்லு” என்றேன்.

படகுத்துறையில் மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தோம். அவள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.